பெடியன் எழும்பீட்டான்

ஐஸ் ஹொக்கி ஆட்டத்தை முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை கண் வெட்டாமல் பார்த்துவிட்டு, யார் வென்றது என்று தெரியாமலே எழும்பிப் போகிற ஒரு மனிதரை நான் ரொறன்ரோவில் கண்டிருக்கிறேன். இந்த நகரத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை. இங்கே குளிர்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவன், முன்பின் தெரியாதவனிடம் முதலில் கேட்பதே நேற்றைய ஆட்டம் என்ன மாதிரி என்றுதான்.

"ஆர் வெண்டது அண்ணை?" என்று நான் கேட்பேன்.

ரீவியை நிற்பாட்டிவிட்டுச் சொல்லுவார்: "அது தெரியேல்லைப் பிள்ளை. பெடியன் நல்லா இருக்கிறான்."

பெடியன் அவர் பெற்றவன் இல்லை. அவருக்கும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவருடைய மனைவிக்கும் பிள்ளைகள் கிடையாது. அந்தப் பெடியன் கசகஸ்தான் நாட்டில் பிறந்து, இங்கே பெரிய அணியொன்றில் விளையாடிய ஹொக்கிக்காரன். அப்படி அவருக்கு ஐந்தாறு பெடியள் இருந்தார்கள். ஒருவன் கோல் காக்கிறவன். ஒருவன் கட்டையன், ஆனால் ஐஸில் வழுக்கிக்கொண்டு புறப்பட்டால் பிடிக்க ஆளில்லை. ஒருவன் அலுமாரி போல அகலமானவன், முட்டுப்பட்டவர்கள்தான் விழுவார்கள். சோவியத் உடைந்த பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள். அவர்களுடைய நாட்டில் கைக்குழந்தைக்கும் அவர்கள் பெயர் தெரியுமாம். இங்கே ரீவியில் பேசுகிறவர்கள் எல்லோரையும் ஒரே வாளியில் போட்டு "ரஷ்யன்" என்று விடுவார்கள். அப்போது அண்ணை ரீவியோடு சண்டைக்குப் போவார்.

"ரஷ்யனில்லையடா, கசகஸ்தான்! எங்களைப் பாத்து இந்தியனோ எண்டு கேக்கிறமாதிரிக் கிடக்கு உன்ர கதை."

ஸ்காபரோவில் நாங்கள் முதன்முதல் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் அவர்கள் கீழ்த்தட்டில் இருந்தார்கள், நாங்கள் மேலே. என்னுடைய கணவரும் அவரும் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே பண்டகசாலையில் வேலை. ஒரே காரில் போய் ஒரே காரில் வருவார்கள். கட்டடத்தில் இருந்த தமிழ்ச்சனம் முழுக்க அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டது. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். அதனால் நானும் இங்கே அண்ணை என்றே எழுதுகிறேன்.

நான் கனடாவுக்கு வந்து இறங்கிய கிழமை அவர்கள் வீட்டில் விருந்து. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடும்போது அண்ணை கதவடியில் நின்று சொன்னார்.

"போய்ச் சேந்தோடன ஒருக்கா போன் அடியுங்கோ."

பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். மேலே வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, போன் அடித்தது.

"என்ன பிள்ளை, போய்ச் சேந்திட்டியளே?"

"அண்ணை, எலிவேற்றரிலதானே வந்தனாங்கள். வேறெங்க போறது?"

"எலிவேற்றரும் இடையில நிக்கிறதுதானே, பிள்ளை."

எனக்குப் பொல்லாத எரிச்சல் வந்தது. "உது என்ன மனிசன்? நான் மன்னாரிலயிருந்து கொழும்புக்கு வந்து, அங்கயிருந்து தனிய பிளேன் ஏறி வந்தனான். எனக்கு எலிவேற்றருக்குக் காவலோ?" என்று கணவரிடம் பாய்ந்தேன். அவர் காதில் விழாதவர் போல இருந்தார். அவருக்குப் பழகிப்போயிருந்தது.

பிறகு எனக்கும் பழகியது. அண்ணை வீட்டுக்கு வந்துபோன எவரும், போய்ச் சேர்ந்ததும் போனை இரண்டு தரம் அடிக்கவிட்டு வைக்கவேண்டும். எடுக்கத் தேவையில்லை, மணி கேட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்கு வந்த சனம் கலைந்துபோன பிறகு அந்த வீட்டில் போன் மாறி மாறி அடிக்கும். "எங்கட வீட்டில இருக்கிறது போனில்லை, கோயில் மணி" என்று அக்கா சொல்லுவா. மணி அடிக்காதவர்களை அண்ணை விடமாட்டார். ரூஜ் பக்கம் வீடு வாங்கிப் போன ஒரு குடும்பம், பனி கொட்டிய ஒரு பின்னேரம் மணியடிக்க மறந்துவிட்டது. அண்ணை காரை எடுத்துக்கொண்டு ரூஜ் வரை போய், அவர்களுடைய வாசலில் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் திரும்பி வந்தார். அக்கா நாடியில் கைவைத்துக்கொண்டு, "இந்த மனிசனைக் கட்டினதுக்கு நான் ஒரு தபால் கந்தோரைக் கட்டியிருக்கலாம்" என்றா.

என் மகள் பிறந்தபோதுதான் அந்த மனிதரின் அருமை எனக்கு உறைத்தது. ஊரில் சண்டை. என்னுடைய அம்மா மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து மடு மாதா கோயில் வளவில் கூடாரத்துக்குள் இருந்தா. அங்கே போன் இல்லை, தபால் இல்லை. பிள்ளை பிறந்த செய்தி அம்மாவுக்கு எப்போது போய்ச் சேருமோ என்று நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அழுதேன். அண்ணை பிள்ளையை எட்டிப் பார்த்தார், "மூக்கு தாயின்ர" என்றார், போய்விட்டார்.

அவர் வவுனியாவில் போன் கடை வைத்திருந்த ஒருவரைப் பிடித்திருக்கிறார். அந்த ஆளை அவருக்கு முன்பின் தெரியாது. அவர் மூலமாக மருந்து ஏற்றிப்போகிற லொறிக்காரனை, லொறிக்காரன் மூலமாக மடுவில் இருந்த சுவாமியாரை. அடுத்தநாள் காலைப் பூசை முடிந்ததும் சுவாமியார் பீடத்தில் நின்றே, "கனடாவில் இன்னாருடைய மகளுக்குப் பெண்பிள்ளை, தாயும் சேயும் சுகம்" என்று அறிவித்தாராம். முன்பின் தெரியாத சனமெல்லாம் கைதட்டியதாம். இதை அம்மா பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னபோது இரண்டு பேரும் அழுதோம். அண்ணையோ அந்தக் கதையை ஒரு நாளும் எடுத்ததில்லை.

அப்படி எடுக்காத இன்னொரு கதையும் அவரிடம் இருந்தது. அதை எனக்குச் சொன்னது அக்கா.

அண்ணை படித்தது கசகஸ்தானில். எழுபதுகளின் கடைசியில் புலமைப்பரிசில் கிடைத்து, எஞ்சினியரிங் படிக்க அல்மா-ஆட்டாவுக்குப் போனவர். விடுதியைப் பார்த்துக்கொள்ள ஒரு கசாக் பெண் இருந்தா. புருசன் சுரங்கத்தில் செத்துப்போக, ஒரு சின்ன மகனோடு விடுதி வாசலறையில் குடியிருந்தவ. மாட்டிறைச்சியும் குதிரை இறைச்சியும் தின்னாத இந்த யாழ்ப்பாணத்துப் பெடியனைப் பார்த்து, இவன் குளிரில் செத்துப்போவான் என்று முடிவுகட்டி, ரொட்டியும் ஜாமும் பால்தேத்தண்ணியும் கொடுத்து வளர்த்திருக்கிறா. ரஷ்யர்கள் வெறுந்தேத்தண்ணிக்காரர், கசாக் சனம் எங்களைப் போல பால் விட்டுக் குடிக்கிற சனம் என்று அண்ணை பெருமையாகச் சொல்லுவார். அவவின் மகன் விடுதிக்குப் பின்னால் தண்ணீரை ஊற்றி உறையவைத்து, கூட்டுகிற தும்புத்தடியை வெட்டி, ஹொக்கி விளையாடுவான். விழுந்து நாடி வெடித்து, தையல் போட்ட தழும்போடு திரிந்தானாம்.

எண்பத்துமூன்றில் அண்ணை விடுமுறைக்கு ஊருக்கு வெளிக்கிட்டார். செப்டெம்பரில் திரும்பி வருவதாகச் சொல்லி, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் வந்தார். வாசலில் வைத்து அந்த அம்மா சொன்னது ஒன்றுதான்: போய்ச் சேர்ந்ததும் தந்தி அடி.

கொழும்பில் வந்து இறங்கி, நாளைக்கு அடிப்போம், நாளைக்கு அடிப்போம் என்று நாலு நாளை விட்டார். கலவரம் தொடங்கிவிட்டது. தங்கியிருந்த வீட்டோடு பாஸ்போட்டும் எரிந்தது. அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் போனார். பிறகு அவர் திரும்பிப் போகவேயில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் கனடாவுக்கு வந்த பிறகும் அந்த விடுதிக்கு எழுதினார். பதில் இல்லை. கொழும்பில் தமிழரை எரித்த செய்தி அந்த நாட்டு வானொலியிலும் போயிருக்கும். அவர் செத்துப்போனார் என்றுதான் அங்கே முடிவெடுத்திருப்பார்கள்.

"அவவைத் தேடிப் பிடிக்கிறதுதானே?" என்று ஒருமுறை அண்ணையிடமே கேட்டேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "பேர் தெரியாது, பிள்ளை."

"அஞ்சு வருசம் அவவின்ர கையால சாப்பிட்டிட்டு, பேர் தெரியாதோ?"

"அபாய் எண்டுதான் கூப்பிடுறது. அவையின்ர பாசையில அக்கா எண்டமாதிரி. எங்கட ஆக்கள் இப்பிடித்தானே! பக்கத்து வீட்டு மாமியை மாமி மாமி எண்டு காலம் முழுக்கக் கூப்பிடுவம், பேரென்ன எண்டு பொலிசு கேட்டால் முழிப்பம். மகனையும் வீட்டுப்பேர் சொல்லித்தான் கூப்பிடுறது."

எனக்கும் சிரிப்பு வந்தது. என்னுடைய பெரியமாமியின் முழுப்பெயர் எனக்கு அவவின் மரண அறிவித்தலில்தான் தெரியவந்தது.

ஒன்று மட்டும் அவருக்குத் தெரியும். மகனுக்கு ஹொக்கி விசர் என்பதால், அவனைப் பயிற்சிக்குச் சேர்ப்பதற்காகவே அந்த அம்மா தன்னுடைய சொந்த ஊருக்குத் திரும்பிப் போக இருந்தா. ஊர் உஸ்த்-கமனகோர்ஸ்க். தொழிற்சாலைப் புகையும் ஒரு ஐஸ் அரங்கும் உள்ள ஊர். அந்த நாட்டின் பேர்போன ஹொக்கிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு ஊரில், அந்த ஒரு அரங்கில் பழகி வந்தவர்கள். "வல்வெட்டித்துறையில பிறந்ததெல்லாம் நீந்துறமாதிரி, அங்க பிறந்ததெல்லாம் வழுக்கும்" என்பார். ரீவியில் ஓடித் திரிகிற பெடியள் எல்லாம் அபாயின் மகனுடைய வயதுக்காரர்கள். அவர்களில் ஒருத்தனுக்காவது அவனைத் தெரிந்திருக்கும். ஒருத்தனைப் பிடித்து, "நான் சாகேல்லை எண்டு அபாயிட்டைச் சொல்லிவிடு" என்று சொல்லவேண்டும். அண்ணை ஹொக்கி பார்க்கத் தொடங்கியது அதற்குத்தான்.

பார்க்கப் பார்க்க அந்தப் பெடியள் எல்லோருமே அவருக்கு அபாயின் பெடியள் ஆகிவிட்டார்கள். கோலைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. விழுந்தவன் எழும்புகிறானா என்பதுதான் அவருடைய ஆட்டம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கட்டையனை எவனோ அரங்கைச் சுற்றியிருக்கிற பலகையோடு சேர்த்து மோதினான். கட்டையன் விழுந்து அசையாமல் கிடந்தான். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பி நின்றுவிட்டார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும். அவன் எழும்புவான், நீங்கள் இருங்கோ" என்றா அக்கா.

அந்த நேரம் பார்த்து ரீவியில் விளம்பரம் போட்டார்கள். விளம்பரம் முடிந்து வந்தால் ஆட்டம் நடக்கிறது, கட்டையனைக் காணவில்லை. அவனைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அண்ணை பொறுத்துப் பார்த்தார். பிறகு ரீவி நிலையத்துக்கே போன் எடுத்துவிட்டார். அவர்கள் பாட்டைப் போட்டுக் காக்கவைத்தார்கள். ரஷ்ய வாடை அடிக்கிற இங்கிலிசில், "எழும்பினவனோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லு" என்ற பொருளில் அவர் கெஞ்ச, நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கட்டையன் தோளில் ஐஸ் பையோடு வந்து ஆட்டக்காரர் இருக்கிற வாங்கில் குந்தியதைக் கண்டதும் போனில் இருந்த பெட்டைக்கே அறிவித்தார்.

"எழும்பீட்டான்! பெடியன் எழும்பீட்டான்!" தமிழில்.

இந்த மனிதர் கோபப்பட்டு நான் கண்டது ஒரே ஒருமுறை. அவருக்கு ஒரு தம்பி. யாழ்ப்பாணத்தை ஆமி பிடித்த அடுத்த வருடம், சைக்கிளில் போனவனைச் சோதனைச் சாவடியில் இறக்கி எடுத்தார்கள். கண்டவர்கள் இருந்தார்கள். அதன்பிறகு கண்டவர்கள் இல்லை. தாய் அங்கே முகாம் முகாமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தா. வருடங்கள் போன பிறகும் அந்த வீட்டில் அவனுக்கு ஒரு சடங்கும் செய்யவில்லை. ஒருநாள் விருந்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், சாப்பிட்ட கை காயுமுன்பே கதையை எடுத்தார். ஆளில்லாவிட்டால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கிரியை செய்யலாம், ஐயரிடம் கேட்டேன், ஆத்மா அந்தரிக்கக் கூடாது என்று நல்லதுக்குத்தான் சொன்னார்.

அண்ணை எழும்பினார். "பிரேதத்தைக் கண்டனீரோ? ஆளைக் கண்டனீரோ? ஒண்டும் காணாமல் என்னெண்டு புல்லைக் கொளுத்துறது? என்னையும் ஒரு ஊரில செத்தவனெண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம். நான் இஞ்ச இருந்து சோறு தின்னுறனோ இல்லையோ?"

அன்றைக்கு எனக்கு விளங்கியது. அபாய்க்குச் செய்தி சொல்வது நன்றிக்கடன் மட்டுமில்லை. செத்துப்போனான் என்று ஒரு வீடு நினைத்தவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவர்தான் சாட்சி. அவரால் அப்படி இருக்க முடிந்தால் தம்பியாலும் முடியும். தம்பி வருவான் என்ற நம்பிக்கையை அவர் அந்த ஒரு நூலில்தான் கட்டி வைத்திருந்தார். அந்தச் சொந்தக்காரர் தன்னுடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து மணியடிக்கவில்லை. அண்ணையும் தேடிப் போகவில்லை.

ரொறன்ரோவுக்கு வேற்றூர் அணிகள் வந்து விளையாடும் நாளில், காலையில் பயிற்சிக்குப் போய், மத்தியானத்துக்குக் கிட்ட அரங்கின் பின்வாசலால் வந்து பஸ் ஏறுவார்கள். அந்த வாசலில் அண்ணை எத்தனை குளிர்காலம் நின்றிருப்பாரோ தெரியாது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு நிற்பார். பெடியள் தலையைக் குனிந்துகொண்டு ஏறிப் போய்விடுவார்கள். ஒருதடவை அக்காவுக்குச் சுகமில்லை, அண்ணையைத் தனியே விட அவவுக்குப் பயம், நான் கூடப் போனேன். காற்று ஏரிப் பக்கமிருந்து வந்து முகத்தைச் சீவியது. சுற்றிலும் நின்றவர்கள் கையெழுத்து வாங்க மேற்சட்டையும் படமும் தொப்பியும் வைத்திருந்தார்கள். அண்ணையின் கையில் ஒன்றும் இல்லை.

"என்னண்ணை, கையெழுத்து வாங்க ஒரு கடதாசியாவது கொண்டுவந்திருக்கலாமே?"

"எனக்கென்னத்துக்கு அவன்ர கையெழுத்து?"

அன்றைக்கு வந்தவன் அந்த அகலமானவன். ரீவியில் பார்த்ததைவிட அகலம். சனம் ஒரே நேரத்தில் அவனுடைய பெயரைக் கத்தியது. அவன் இரண்டு மூன்று கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குத் திரும்பினான். அப்போது அண்ணை கூப்பிட்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. எனக்கு விளங்காத பாசையில், அடுத்த வீட்டுப் பெடியனை மதிலுக்கு மேலால் கூப்பிடுகிறமாதிரிக் கூப்பிட்டார்.

அகலமானவன் நின்றான். திரும்பிச் சனத்துக்குள் தேடினான். அவனுடைய கண் அண்ணையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. ஒரு கறுத்த மனிதர் தொப்பிக்குள்ளிருந்து தன்னுடைய ஊர்ப் பாசை பேசுவதை நம்பமுடியாமல் கிட்ட வந்தான். அண்ணை கடகடவென்று சொல்லிக்கொண்டு போனார். நடுவில் தன்னுடைய நாடியைத் தொட்டுக் கோடு இழுத்துக் காட்டினார். அப்போது அகலமானவனின் முகம் மாறியது. அவனும் தன் நாடியைத் தொட்டு, ஏதோ கேட்டான். அண்ணை தலையாட்டித் தலையாட்டி அழத் தொடங்கிவிட்டார்.

பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். அகலமானவன் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒருவனின் கையெழுத்துப் பேனையைப் பறித்தான். தன்னுடைய உள்ளங்கையை விரித்து அதில் அண்ணையின் போன் நம்பரைத் தானே எழுதிக்கொண்டான். பேனையைத் திருப்பிக் கொடுத்து, அந்தக் கையைப் பொத்திப் பிடித்தபடி பஸ்ஸில் ஏறினான். நின்ற சனம் அண்ணையைப் பெரிய ஆள் என்று நினைத்து வழிவிட்டது.

வழியெல்லாம் அண்ணை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நாடித் தழும்பன் எண்டுதான் அவையும் கூப்பிடுறவையாம். சின்னனில ஒரே அணியாம். பிறகு அவனுக்கு முழங்கால் உடைஞ்சு விளையாட்டை விட்டிட்டானாம். பெடியன் தன்ர தாய்க்கு போன் எடுக்கேக்க விசாரிக்கச் சொல்லுறானாம்."

"அபாய் இருக்கிறாவோ எண்டு கேட்டியளே?"

"கேக்கேல்லை." சிவப்பு விளக்கில் காரை நிற்பாட்டினார். "பயமாக் கிடந்தது, பிள்ளை."

பிறகு காத்திருப்பு. மற்ற எல்லோரையும் காத்திருக்க விடாத மனிதர் இப்போது தானே போனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பனி உருகும் காலமும் வந்துவிட்டது. உள்ளங்கையில் எழுதியது கைகழுவத்தானே அழியும் என்று என் கணவர் பகிடி விட்டார், அண்ணை சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை. நானும் மகளும் பூசையிலிருந்து வந்து அவர்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. அண்ணை எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல், நாடித் தழும்பன் என்று பிறகு சொன்னார். பிறகு போன் கைமாறுகிற சத்தம். அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு, "அபாய்" என்றார்.

ஸ்பீக்கரைப் போடச் சொல்லி அக்கா சைகை காட்ட, போட்டார். ஒரு கிழவியின் குரல் வீடு முழுக்க வந்தது. அந்தக் குரல் அவருடைய பெயரைச் சொன்னது. நாங்கள் அண்ணை அண்ணை என்று மறந்தேவிட்ட பெயர். பிறகு இரண்டு பக்கமும் அழுகை. எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காமலே நானும் அக்காவும் அழுதோம். என் மகள் தோசையைப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் ஆறியதும் அண்ணை கேட்பதும் எங்களுக்குத் தமிழில் சொல்லுவதுமாக இருந்தார். திடீரென்று சிரித்தார்.

"கேளுங்கோ கதையை! எனக்கு வெள்ளிக்கிழமையில ரொட்டி சுடுறாவாம். அவையின்ர வழக்கம். செத்த ஆக்களின்ர பேரைச் சொல்லி எண்ணெயில ஏழு ரொட்டி சுட்டு, அயலுக்குக் குடுக்கிறது. தாய், தகப்பன், புருசன், அதுக்குப் பிறகு நான்! இவ்வளவு காலமும் எனக்குத் திவசம் நடந்திருக்குப் பாருங்கோ!"

"பாவம் அந்த மனிசி. நான்கூட உங்களுக்கு இவ்வளவு செய்வனோ தெரியாது" என்றா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. எல்லோரும் சிரித்தோம். அண்ணை என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "நான் அண்டைக்குச் சொன்னனான்தானே? சடங்கெல்லாம் செய்து முடிச்ச ஆள் இஞ்ச நிண்டு கதைக்குது!" அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் கண்டதில்லை. வழக்கை வென்ற மனிதரின் முகம்.

பிறகு அதையே கிழவியிடமும் கேட்டார் போல. பிரேதத்தைக் காணாமல், ஆளைக் காணாமல், என்னை எப்படிச் செத்தவனாக்கினாய் என்று. கேட்கும்போது சிரிப்பு இருந்தது. கிழவி பதில் சொல்லத் தொடங்கினா. அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னா. அண்ணையின் சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

"என்னவாம்?" என்றா அக்கா.

அண்ணை போனைப் பார்த்தபடியே சொன்னார். "செத்தியோ இருக்கிறியோ எண்டு எனக்கு என்னெண்டு தெரியும் எண்டுறா. வாசலைப் பூட்டாமல் ரண்டு வருசம் இருந்து பாத்தவவாம். விசர் பிடிக்கப் பாத்ததாம். எங்க இருந்தாலும் உனக்குப் பசிக்குமெண்டது மட்டும் தெரியுமாம். எண்ணெய் மணம், ஆள் எங்க இருந்தாலும் போய்ச் சேருமாம். அதாலதான் சுட்டவவாம். சுடத் தொடங்கின பிறகுதான் கதவைப் பூட்டிப்போட்டு நித்திரை கொண்டவவாம்."

கிழவி திரும்பவும் ஏதோ சொல்லிச் சிரித்தா.

"இனி என்ர பேரை எடுத்துப்போடுறாவாம்" என்றார் அண்ணை.

அங்கே கிழவி, இருக்கிறாயா என்று கேட்பது போல இரண்டு தரம் அவருடைய பெயரைச் சொன்னா. அண்ணை மெதுவாக ஏதோ சொன்னார். அதற்குள்ளே ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டா. தம்பியின் பெயர்.

கிழவிக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. பிழையாகச் சொன்னா. அண்ணை திருத்தினார். திரும்பவும் பிழை. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஒவ்வொரு எழுத்துக்கும் அவருடைய குரல் உடைந்து உடைந்து வந்தது. கிழவி விடவில்லை. கடைசியில், பூமியின் அந்தக் கரையிலிருந்து, அந்தப் பெயரைப் பிழையில்லாமல் முழுதாகச் சொன்னா. அண்ணை தலையாட்டினார். போனில் தலையாட்டுவது தெரியாது என்று அவருக்கு நினைவில்லை.

அண்ணை போனை வைத்தார். அக்காதான் கேட்டா. "ரொட்டிக்குத் தம்பியின்ர பேரைக் குடுத்திட்டியளே?"

"ஓம்."

அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் நின்று அவருடைய தோளில் கைவைத்தா. அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னை, என் மகளைக்கூட.

"ஊரில அம்மாவுக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.